கிராம்பு வாசனை

பொட்டோசி மலையில் வெள்ளி வெட்டிய யூசேபியோ, எவளோடோ அர்ஜென்டினாவுக்கு ஓடிவிட்டான் என்று மூன்று வருஷத்துக்கு முன்பு சொன்னது அவன் கூட்டாளி ஃபெலிசியானோ. தங்கள் பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானத் தகப்பனாக நின்றவன் சொன்னால் பொய்யாகுமா? மனைவி ஹுஸ்டினா நம்பினாள். சுரங்க வாசலில் கொட்டும் கழிவுக்கல்லை உடைத்து, மிச்சத் தாதுவைப் பொறுக்கிப் பிழைத்தாள்.

இன்று காலை ஃபெலிசியானோ வண்டியிலிருந்து கவிழ்த்த கல்லில், சுரங்கக்காரர்கள் பசி தெரியாமலிருக்க மென்று துப்பும் கோகா இலைச் சக்கை ஒன்று கிடந்தது. சூடாக இருந்தது. கிராம்பு மணத்தது. பல்வலிக்காக இலையோடு கிராம்பு அடக்குகிறவன் யூசேபியோ ஒருவன்தான்.

"இது எங்க வெட்டுன கல்லுண்ணே?"

"இடிஞ்சு மூடுன பழைய பொந்து, தங்கச்சி. நேத்துதான் தொறந்தேன். சரியான வெள்ளி!"

"எப்ப இடிஞ்சுது?"

"யூசேபியோ போன அன்னிக்கு..." சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

ஆளை உள்ளே விட்டுவிட்டு, கதையை மட்டும் வெளியே கொண்டுவந்திருக்கிறான்.

ஹுஸ்டினா அழவில்லை. காலி வண்டியில் ஒரு கை இலையும் நாலு கிராம்பும் வைத்தாள்.

"உள்ள அவருகிட்ட குடுத்துருங்கண்ணே."

யாரிடம் என்று அவன் கேட்கவில்லை. வெள்ளி ஆசை, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

சாயங்காலம் வண்டி மட்டும் தண்டவாளத்தில் உருண்டு வெளியே வந்தது. கல் இல்லை. இரண்டு சக்கைகள் இருந்தன. இரண்டும் சூடு. ஒன்றில்தான் கிராம்பு மணத்தது.