ஒரு சாண் தூரம்

"மிஸ், நான் பொய் சொன்னா இந்த மெஷின் கத்துமா?"

சட்டைக் கொலரில் குத்தியிருந்த தீப்பெட்டி அளவான கருவியைக் குனிந்து பார்த்துக் கேட்டார் ஜவுபர். நிந்தவூர் நெல் மில்லில் தவிடு கொட்டும் குழாயடியில் நிற்பவர். காலையில் கறுப்பாக வேலைக்கு வந்து, மத்தியானம் வெள்ளையாக வீட்டுக்குப் போகிற மனுசன்.

"கத்தாது காக்கா," என்று சிரித்தாள் ஸுஹைறா. வேலைத்தளங்களில் தூசியையும் சத்தத்தையும் அளந்து, ஆட்களுக்குக் கெடுதி வராமல் பார்ப்பது அவளுடைய உத்தியோகம். "ஒங்கட மூக்கு இழுக்கிற காத்தத்தான் இதுவும் இழுக்கும். அதில எவ்வளவு தூசி இரிக்கெண்டு நிமிசத்துக்கு நிமிசம் பதிஞ்சு வைக்கும். அதாலதான் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில குத்தியிரிக்கன். பின்னேரம் நான் வரும்வரைக்கும் சேட்டுலயிருந்து இதைக் கழட்டவே வேணாம்."

"கழட்ட மாட்டன். ஆனா வீணா மினக்கெடுறீங்க. நாங்க துணியால மூக்கைக் கட்டிக்கிட்டுத்தான் நிக்கிற. எனக்கு ஒரு தும்மல்கூட வாறல்ல." ஜவுபரின் குரல் இறங்கியது. "எண்ட பொண்டாட்டி நாச்சியாவுக்குத்தான் மூச்சிழுப்பு. வீட்டோட இரிக்கிறவ. இரவைக்குப் படுக்க ஏலாம குந்திக்கிட்டு இரிக்கா. விறகடுப்பு ஆகாதெண்டாங்க, கேஸ் வாங்கினன். தலகாணிப் பஞ்சு எண்டாங்க, தூக்கி எறிஞ்சன். ஒண்டும் சரிவரல்ல."

"பூனையையும் துரத்திட்டாரு மிஸ்," என்றான் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த மெல்ரொய். "இனித் துரத்த இவர் மட்டுந்தான் மிச்சம்."

"போடா. மத்தியான லுஹர் தொழுகையில அவக்காக துஆக் கேக்காத நாளில்ல மிஸ். அல்லாஹ்தான் வழி காட்டணும்."

பின்னேரம் ஸுஹைறா திரும்பி வந்தாள். மில்லை நிறுத்தியிருந்தார்கள். கருவியை மடிக்கணினியில் பொருத்தி அரிசி மூட்டைமேல் வைத்தாள். திரையில் ஒரு கோடு ஏறியும் இறங்கியும் ஓடியது.

"காக்கா, இந்த இடத்தில தவிட்டுச் சாக்கு மாத்தியிரிக்கீங்க."

ஜவுபர் குனிந்து பார்த்தார். "ஓம்!"

"இதில தேத்தண்ணி குடிக்க வெளிய போயிரிக்கீங்க."

"ஓம் மிஸ், மெல்ரொய்தான் கூட்டிக்கிட்டுப் போன."

"இந்த இடத்தில கரண்ட் போயிரிக்கு. மெஷினெல்லாம் நிண்டிருக்கும்."

"சுப்ஹானல்லாஹ்!" ஜவுபருக்கு உடம்பு புல்லரித்தது. கண்ணுக்குத் தெரியாத தூசி, அவர் நின்ற இடம், நடந்த நடை எல்லாவற்றையும் அந்தக் கருவி ஒன்று விடாமல் ஒப்புவித்திருந்தது. இத்தனைக்கும் அது ஒரு தீப்பெட்டி. சாக்கு ஊசியைக் கீழே வைத்துவிட்டு மெல்ரொய்யும் ஓடி வந்தான். மூன்று பேரும் அந்தக் கோட்டையே வாய் பிளந்து பார்த்தார்கள்.

ஸுஹைறாவின் விரல் ஓரிடத்தில் நின்றது. "இதென்ன காக்கா? முழு நாளிலயும் கூடின தூசி இங்கதான். தவிட்டுக் குழாயடியைவிடக் கூட. ஆனா இது லுஹர் நேரமெல்லோ?"

"லுஹருக்கு மில் நிக்குமே! நான் வீட்ட போய்க் குளிச்சிட்டுத் தொழப் பள்ளிக்குப் போன."

"பள்ளியில இவ்வளவு தூசியா?"

"அஸ்தஃபிருல்லாஹ்! மாபிள் தரை மிஸ், முகம் தெரியும். பள்ளிக்கு நான் வெள்ளச் சேட்டுப் போட்டுக்கிட்டுத்தான் போற."

"அப்ப மெஷின்?"

"சேட்டுலயிருந்து கழட்ட வேணாமெண்டீங்க. நான் கழட்டல்ல. மெஷினோட சேட்ட வீட்ட குடுத்திட்டுப் போன."

மெல்ரொய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஸுஹைறாவுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அவளுடைய கண் அந்த உச்சியை விட்டு அசையவில்லை. "வீட்ட ஆருக்கிட்டக் குடுத்தீங்க?"

"நாச்சியாக்கிட்டத்தான்." சொல்லும்போதே ஜவுபரின் முகத்தில் பெருமை வழிந்தது. "பின்னேர வேலைக்கும் அதைத்தானே போடுற. நான் தொழுதிட்டு வாறத்துக்குள்ள தூசி போக உதறித் தட்டி வெச்சிருவா. கல்யாணம் முடிச்ச நாளிலயிருந்து ஒரு நாள் தவறல்ல. வாசல்ல உதறினாப் பக்கத்து வீட்டுக் கொடியில படுமெண்டு, அறைக் கதவைச் சாத்திக்கிட்டுத்தான் உதறுவா. அவ்வளவு பக்குவம்."

"இண்டைக்கும் உதறினாவா?"

"உதறாம? மெஷின் கவனமெண்டு சொல்லித்தான் குடுத்தன். நான் வந்தொடன உதறின விதத்தையும் செஞ்சு காட்டினா. அது விழுந்து உடைஞ்சிருமெண்டு கொலரை நெஞ்சோட சேத்துப் பிடிச்சிக்கிட்டு, மத்தக் கையால..."

ஜவுபரின் கை தானாகத் தன் நெஞ்சுக்குப் போய், அங்கிருந்து மூக்குவரை மெல்ல ஒரு சாண் அளந்தது.

பள்ளியில் வெள்ளைச் சட்டையோடு நின்று அவர் நாச்சியாவின் மூச்சுக்காகக் கையேந்திய ஒவ்வொரு நாளும், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அவருடைய தூசியைத்தான் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.