தும்மாத வௌவால்

ஆற்றங்கரை நாவல் மரத்தில் செம்பன் என்றொரு பழந்தின்னி வௌவால் இருந்தது. பிறந்ததிலிருந்து ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை என்று அதற்கு ஏகப் பெருமை. மரத்தடியில் மேயும் பொம்மி என்ற பன்றிக்குத் தினமும் பாதி கடித்த கொய்யாவைப் போடும். "நான் கடிச்சதைத் தின்னு தங்கச்சி, என்னை மாதிரியே கல்லாட்டம் இருப்பே" என்று சொல்லும்.

ஒருநாள் பொம்மி காய்ச்சலில் சுருண்டது. அதை வளர்த்த அம்மாளும் படுத்துவிட்டாள். முகமூடி போட்ட டாக்டர்கள் வலையோடு வந்து, செம்பனைப் பிடித்து ரத்தம் எடுத்துக்கொண்டு பறக்க விட்டார்கள். தன் ஆரோக்கியத்தின் ரகசியம் தேடித்தான் வந்திருக்கிறார்கள் என்று செம்பன் சிறகை வேறு விரித்துக் காட்டியது.

மறுவாரம் அவர்கள் மரத்தடியில் நின்று பேசினார்கள். "கிருமி வௌவால் உடம்பில்தான் குடியிருக்கு. அதை ஒண்ணும் செய்யாது. எச்சில் பட்ட பழத்தால பன்றிக்கு வந்து, அங்கேருந்து அந்த அம்மாவுக்கு ஒட்டியிருக்கு."

செம்பன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "என்னை வைத்தியன்னு நினைச்சேனே! வியாதிக்கு வீடு வாடகைக்கு விட்டதுக்கா சிறகை விரிச்சுக் காட்டினேன்?" என்று தன்னைப் பார்த்தே சிரித்தது.

அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டாள். பொம்மியும் தேறி மரத்தடிக்கு வந்தது. "அண்ணே, இளைச்சுப் போயிட்டேன். ஒரு பழம் போடேன்!"

செம்பன் வாயில் கொய்யா இருந்தது. காரணம் சொல்ல வாயைத் திறந்தால் பழம் விழுந்துவிடும். அது வாயை இறுக மூடிக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் பறந்தது.

"இவ்வளவு கஞ்சனா நீ!" என்று பொம்மி கத்தியது அக்கரை வரைக்கும் கேட்டது.