செழித்த பாத்தி

“என் கீரை மட்டும் ஏன் மஞ்சளாப் போகுது?” வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார் வீரமுத்து. “நீ போடுற அதே அன்னாசி இலை, அதே மரவள்ளித் தோலைத்தான் நானும் மக்க வச்சுப் போடுறேன்.”

“பொறுமையா மக்க விடணும்ணே. அவசரப்பட்டா மண்ணு ஏத்துக்காது,” என்றார் சபாபதி. செழித்து நின்ற அவருடைய அந்த ஒரு கீரைப் பாத்தியைப் பற்றிப் பேசாதவர் பெக்கான் நானாஸ் ஊரில் இல்லை.

வீரமுத்து பெருமூச்சோடு போனார்.

“அதே குப்பையைத்தானே நம்ம மத்தப் பாத்திக்கும் போடுறோம். அதெல்லாம் ஏன் சோர்ந்து கெடக்கு?” என்றாள் சபாபதியின் மனைவி ராஜம்மா.

சபாபதி வீட்டைத் திரும்பிப் பார்த்தார். மகள் பிள்ளை பெற்று உள்ளே படுத்திருந்தாள். ஜப்பான்காரன் வந்ததிலிருந்து வீட்டில் மரவள்ளியும் கீரையும்தான்.

“எதிர்ல இருந்த ஜப்பான் சிப்பாய்ங்க காலையில கூலாய் ஊருக்குப் போயிட்டாங்க. இனிமே பயமில்ல, தோண்டுங்க. புள்ளைக்கு ஒரு வாய் கஞ்சியாச்சும் காய்ச்சுறேன்,” என்றாள் ராஜம்மா.

சபாபதி செழித்த பாத்தியை வெட்டினார். ஜப்பான்காரன் வந்த வாரம், பறித்துக்கொண்டு போவார்கள் என்று பயந்து, அங்கேதான் ஒரு மூட்டை அரிசியைப் புதைத்து மேலே கீரை விதைத்திருந்தார்கள்.

சாக்கு நார்நாராக வந்தது. உள்ளே ஒரு மணி அரிசி இல்லை. கறுப்பாய், பொலபொலவென்று மண். கீரையின் வேர் அதில் பின்னிக் கிடந்தது.

சபாபதி மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தார்.

சரிந்து கிடந்த கீரையை ராஜம்மா ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணை உதறிக் கூடையில் போட்டாள்.

“ஒரு வருசமா நாம சோறுதான் தின்னிருக்கோம்,” என்றாள்.