மேனேஜரின் காது

"மறுபடியும் நாய்க்கு பிஸ்கட்டா மாமா? டாக்டர் என்ன சொன்னார்?"

மாப்பிள்ளை போட்ட சத்தத்தில் மாமனார் பிஸ்கட் பாக்கெட்டை அவசரமாகச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணுதான் மாப்பிள்ளை."

"இந்த ஒண்ணே ஒண்ணை ஒரு வாரமா பார்த்துட்டு இருக்கேன். வீட்ல என்ன நடக்குதுன்னு கொஞ்சமாவது கவலை இருக்கா உங்களுக்கு?"

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசி ஒரு வாரமாகிறது. பெற்ற அப்பா மகளிடம் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லலாம். இவரோ பால்கனியில் உட்கார்ந்து நாய்க்குத் தீனி போடுவதும், பேப்பரில் குறுக்கெழுத்து போடுவதுமாகப் பொழுதை ஓட்டுகிறார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பென்சிலைக் காதில் செருகும் பழக்கம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

சண்டை ஒன்றும் சொத்துச் சண்டை இல்லை. அவளுடைய ஆபீஸ் விருந்தில் அவள் ஆசையாக ஒரு பாட்டுப் பாடினாள். பாடி முடித்ததும் இவன் எழுந்து, "இவ பாட ஆரம்பிச்சா எங்க வீட்டு நாய் காதைப் பொத்திக்கும்" என்று சொல்லிவிட்டான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மறுநாளே வெளியூர்க் கிளைக்கு மாற்றல் கேட்டுவிட்டாள். மாற்றலும் தயார். நாளைக் காலையில் "சரி" என்று சொன்னால் போதும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

மாமனார் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பேப்பரைப் பிரித்தார். நேரம் பார்த்து நாய் தலையைப் படபடவென்று உதறியது. பின்னங்காலால் காதைப் பிறாண்டியது.

ஒரு வேலையும் செய்யாமல் வீட்டில் எல்லாரையும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

"என்னாச்சு இதுக்கு?"

"ரெண்டு நாளா இப்படித்தான் மாப்பிள்ளை. நான் சொன்னா யார் கேக்கறீங்க?"

மாப்பிள்ளை பதறிப்போய் நாய் டாக்டருக்கு போன் போட்டான்.

"காதைத் தூக்கிப் பாருங்க. சிவந்திருக்கா? நாத்தம் அடிக்குதா? சீழ் ஏதாவது?"

"அதெல்லாம் இல்லை டாக்டர்."

"அப்ப நான் கொடுத்த காது மருந்தால வீட்லயே சுத்தம் பண்ணிப் பாருங்க. ஒருத்தர் பிடிச்சுக்கணும், ஒருத்தர் துடைக்கணும். அப்பவும் உதறினா இங்க கூட்டிட்டு வந்துடுங்க."

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தான்.

"எனக்கு முட்டி மடங்காதுப்பா. தரையில உட்கார்ந்தா என்னைத் தூக்க ஆள் தேடணும்."

மிச்சம் இருப்பது ஒருத்திதான். அவன் நாயிடம் சொன்னான்:

"மேனேஜர், உங்கம்மாவை வந்து தலையைப் பிடிச்சுக்கச் சொல்லு."

"மேனேஜர், உங்கப்பாவோட வாய் விருந்துல மட்டும்தான் வேலை செய்யுமான்னு கேளு."

சொன்னாளே தவிர, வந்து உட்கார்ந்துவிட்டாள். நாய்க்கு ஒன்றென்றால் அவளுக்குத் தாங்காது.

அவன் டப்பாவைத் திறந்து ஒரு காது பட்ஸை எடுத்து, ஊசி போடப் போகிறவன் மாதிரி குறி பார்த்தான்.

"அடப்பாவி மனுஷா! பட்ஸை உள்ள விடாதீங்க! அழுக்கு இன்னும் உள்ள போயிடும். சவ்வு கிழிஞ்சா என்ன பண்றது?"

ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் அவனிடம் நேராகப் பேசியது அதுதான். பேசிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

"அப்ப... எப்படி?"

"போன தடவை டாக்டர் செஞ்சப்ப எங்கே பார்த்துட்டு இருந்தீங்க? மருந்து பாட்டிலைக் கொஞ்ச நேரம் கையில வெச்சுக்குங்க, ஜில்லுன்னு ஊத்தினா துள்ளும். ஊத்திட்டு காதுக்கு அடியில மெதுவாத் தேய்ங்க. அப்புறம் விட்டுடுங்க, அதுவே உதறும். விரல்ல பஞ்சைச் சுத்தி, கண்ணுக்குத் தெரியற இடத்தை மட்டும் துடைச்சா போதும்."

ஊற்றினான். தேய்த்தான். சளக் சளக் என்று சத்தம் வந்தது. மேனேஜர் திமிறியது.

"பிடி, பிடி!"

"பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்! பாதி மேனேஜர் சோபாவுக்கு அடியில போயிடுச்சு!"

"ஏதாவது பாடேன்."

"எதுக்கு? காதைப் பொத்திக்கறதுக்கா?"

அவன் மெல்ல, "பாடும்மா" என்றான்.

வேண்டாவெறுப்பாக முணுமுணுக்க ஆரம்பித்தாள். திமிறிக்கொண்டிருந்த நாய் அவள் மடியில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. இரண்டாவது காதுக்கும் மருந்து ஊற்றியாயிற்று. அசையவே இல்லை. பாட்டு நின்றதும் எழுந்து ஒரே உதறல். மருந்தெல்லாம் இரண்டு பேர் மூஞ்சியிலும்!

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் அவள்தான் சிரித்தாள்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்" என்றான் அவன். "நீ பாடினா இது சமையலறை வாசல்ல வந்து படுத்துக்கும். நானும் டி.வி. சத்தத்தைக் குறைச்சுட்டுக் கேப்பேன். நாலு பேர் சிரிக்கணும்னு உளறிட்டேன். தப்புதான். போகாதே."

"இதை அதே ஆபீஸ்ல, அதே ஆளுங்க முன்னாடி சொல்லணும்."

"சொல்றேன்."

"அப்ப நாளைக்கு மாற்றல் வேண்டாம்னு சொல்லிடறேன். முதல்ல மூஞ்சியைத் துடைங்க."

அவன் பஞ்சால் நாயின் காதைத் துடைத்துப் பார்த்தான். பஞ்சு வெள்ளை வெளேரென்று இருந்தது.

"அழுக்கே இல்லையே! அப்புறம் எதுக்கு அப்படி உதறுச்சு? மாமா, எல்லாம் உங்க பிஸ்கட் ஒத்துக்காமத்தான். இனிமே இதுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தீங்க..."

"கொடுக்க மாட்டேன் மாப்பிள்ளை. இனிமே தேவைப்படாது."

இரண்டு பேரும் முகம் கழுவ உள்ளே போனார்கள். பெரியவர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, பழக்க தோஷத்தில் பென்சிலைக் காதில் செருகினார்.

மேனேஜர் ஓடி வந்து எதிரில் உட்கார்ந்தது. தலையைப் படபடவென்று உதறியது. காதைப் பிறாண்டியது. பிறகு நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு அவருடைய சட்டைப் பையையே பார்த்தது.

பெரியவர் பதறிப்போய் பென்சிலை உருவினார். கடைசி பிஸ்கட்டை அதன் வாயில் போட்டு, சுத்தமான அந்தக் காதருகே குனிந்து ரகசியமாகச் சொன்னார்:

"போதும்டா மேனேஜர். ரெண்டு பேரும் ஏறிட்டாங்க. போலாம், ரைட்!"