நடுவில் ஒரு கோடு

"அனுப்பிரியா, கொஞ்சம் ரூமுக்கு வாங்க!"

மேனேஜர் தினகரன் தலையை நீட்டிக் கூப்பிட்டதும் சந்திரிகாவுக்கு வயிறு எரிந்தது. தாம்பரத்து கூரியர் ஆபீசில் அவள்தான் சீனியர். ஒருநாளாவது அவளை ரூமுக்குக் கூப்பிட்டிருப்பாரா அந்த மனுஷன்?

போன மாசம் வந்த அனுப்பிரியாவைத் தினமும் கூப்பிடுகிறார், கதவையும் சாத்திக்கொள்கிறார். அவளும் வெளியே வந்ததும் நேரே போய் முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டுதான் சீட்டுக்குத் திரும்புவாள். மினுக்கல்!

"பார்த்தியா ரேஷ்மா, செம்பாக்கம் பிராஞ்சுக்கு யார் இன்சார்ஜ்னு முடிவாயிடுச்சு" என்றாள் பக்கத்து சீட்டுக்காரியிடம்.

"சும்மா இருங்கக்கா. நீங்க இருக்கறப்ப அவளுக்கு எப்படித் தருவாரு?"

"தருவாரு, தருவாரு. மாடா உழைக்கிறது நானு, சீட்டு மட்டும் அவளுக்கு!"

ரேஷ்மா டீ குடிக்க எழுந்து போனாள். அனுப்பிரியாவின் கம்ப்யூட்டர் திறந்தே கிடந்தது.

டேட்டாபேஸிலிருந்து விலாசங்களை எடுத்து, ஃபைலாக்கி, ஸ்டிக்கர் மெஷினுக்கு அனுப்புவது அனுப்பிரியாவின் வேலை. பார்சல்களின் எடைக் கணக்கை அதேபோல அனுப்புவது சந்திரிகாவின் வேலை. ஃபைலில் பெயர், தெரு, போன் நம்பர் என்று ஒரு கட்டத்தையும் அடுத்ததையும் பிரிக்க நடுவில் ஒரு குறி உண்டு. சாஃப்ட்வேர் வந்த நாளிலிருந்து அது கமாதான். சந்திரிகாவின் ஃபைல் ஒருநாளும் சொதப்பியதில்லை.

அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அனுப்பிரியாவின் செட்டிங்கில் கமாவை நீக்கி, செங்குத்தாக ஒரு கோட்டைப் போட்டாள். 'குளறுபடியாகட்டும். இன்னிக்கு ஏறட்டும்டி உன் வண்டவாளம் தண்டவாளத்துல!'

சாயங்காலம் தினகரன் ஸ்டிக்கர் தாளோடு ஹாலுக்கே வந்துவிட்டார். சந்திரிகா காதைத் தீட்டிக்கொண்டாள்.

"எல்லாரும் கேளுங்க. முடிச்சூர், பொழிச்சலூர்னு ஒரு விலாசம்கூட இன்னிக்குத் தப்பாகலை! விலாசத்துக்குள்ளயே ஏகப்பட்ட கமா. அதனால தெருப் பேரு போய் போன் நம்பர் கட்டத்துல உக்காந்துகிட்டிருந்திருக்கு. நான் டைப்பிங் தப்புன்னு நினைச்சு, தினமும் ரூம்ல வெச்சு அனுப்பிரியாவை அழ அழத் திட்டினேன். நாளையிலேர்ந்து வரவேண்டாம்னு காலையிலதான் சொன்னேன். கமாவைத் தூக்கிட்டு கோடு போட்டு அசத்திட்டாங்க!"

அனுப்பிரியா திருதிருவென்று விழித்தாள்.

"சந்திரிகா, செம்பாக்கம் இன்சார்ஜுக்கு உங்க பேரைத்தான் நினைச்சு வெச்சிருந்தேன். ஆனா அங்க முழுக்க விலாச வேலை, இவங்களே போகட்டும். இவங்க கிளம்பறதுக்குள்ள அந்தக் கோடு எப்படிப் போடறதுன்னு இவங்ககிட்ட கத்துக்குங்க."