தாண்டிப் போகும் குடுவை

குடுவை வில்மரைத் தாண்டி ஏபரின் கைக்குப் போனது. இன்றோடு பத்தொன்பது நாள்.

பைசாந்து நகரத்து பஸ் பட்டறையில் காலை ஒன்பதரை என்றால், தேநீர் போல மாத்தே குடிக்கும் நேரம். ஒரே சுரைக்குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், ஆறு பேர். ஃபோர்மன் தார்தோ பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இலைத்தூளின் மேல் வெந்நீர் ஊற்றி ஊற்றி ஒவ்வொருவராகக் கொடுப்பார். குடித்தவர் குடுவையை அவரிடமே திருப்பித் தர, அது அடுத்தவருக்குப் போகும்.

வில்மருக்கும் முதல் சுற்றில் ஒன்று வரும். குடித்துவிட்டு, நன்றி சொல்லித் திருப்பித் தருவார். அதோடு சரி. அடுத்த சுற்றில் தார்தோ அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் பக்கத்து ஆளுக்கு நீட்டிவிடுவார்.

சீக்காளிக்கு ஒன்றே அதிகம் என்று முடிவு கட்டிவிட்டார்கள் போல, என்று வில்மர் நினைத்துக்கொண்டார். இத்தனைக்கும் மாத்தே கூடாது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

ஐந்து மாதத்துக்கு முன் இதே பட்டறையில்தான் அவர் இதயம் நின்றுபோனது. வெல்டிங் கருவியும் கையுமாகச் சரிந்தவரின் நெஞ்சை ஆம்புலன்ஸ் வரும்வரை பதினோரு நிமிடம் விடாமல் அழுத்தியவர் தார்தோதான். இரண்டு விலா எலும்பு முறிந்தது, உயிர் தங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் தண்ணீருக்கு ஒரு நன்றி, தலையணைக்கு ஒரு நன்றி, மூத்திரச் சட்டிக்கு ஒரு நன்றி என்று கிடந்தார். பிறகு மூன்று மாதம் பயிற்சிக்கூடத்தில் நகராத சைக்கிளை மிதித்தார். "வீட்ல தனியா உக்காராதீங்க, வேலைக்குப் போங்க" என்று அனுப்பிவைத்தார்கள். மனைவி பிரிந்துபோய் ஒன்பது வருடம், மகள் ஸ்பெயினில். வீட்டில் பேச்சுத்துணைக்கு ரேடியோ.

நெஞ்சுக்குள் பொருத்திய மின்கருவிக்கு வெல்டிங் ஆகாது. அதனால் இப்போது ஸ்டோரில் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் வேலை. நாலு பேரோடு தோள் உரச உட்காருவது இந்த மாத்தே நேரம் ஒன்றுதான், அதற்கும் இந்தக் கதி.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் ஏபர் கேலி செய்தான்.

"மேல ஒரு எட்டு போய்ட்டு வந்தீங்களேண்ணே, அங்க மாத்தே குடுத்தாங்களா?"

"வெந்நி ஆறிப் போயிருந்துச்சுடா. அதான் திரும்பிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். இப்போதெல்லாம் அந்தக் கேலிகூட இல்லை.

இன்று மூன்றாவது சுற்றில் ஏபர், "நன்றிண்ணே, வயிறு எரியுது" என்று குடுவையைத் தார்தோவிடம் கொடுத்தான். அதன்பின் குடுவை அவனையும் தாண்டிப் போனது.

எல்லோரும் கலைந்த பிறகு, வில்மர் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துத் தார்தோவிடம் நீட்டினார். தார்தோ இரண்டு தடவை படித்தார்.

"வேலைய விட்டு நின்னுக்கறேன்னு எழுதியிருக்க."

"ஆமா."

"விலா எலும்ப ஒடச்சதுக்கு எம்மேல கோவமா?"

"பைத்தியமா உனக்கு? எனக்கு உசுரு குடுத்தவன்டா நீ."

"பின்ன என்ன?"

வில்மருக்கு ஐம்பத்தாறு வயதில் போய் இதைக் கேட்பதா என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டார்.

"எனக்கு மட்டும் ஏன் ஒண்ணோட நிறுத்திடற? நான் இங்க வேண்டாம்னா நேரா சொல்லிடு. வீட்லயும் தனியாத்தான் கெடக்கேன், அங்கயே கெடந்துட்டுப் போறேன்."

"நான் நிறுத்தறேனா?" என்றார் தார்தோ. பிறகு கடிதத்தின் மேலேயே பிளாஸ்க் மூடியை வைத்துவிட்டு, குடுவையை நிரப்பி நீட்டினார். "இந்தா, குடி."

வில்மர் குழலில் கொர்ரென்று சத்தம் வரும்வரை உறிஞ்சினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு குடுவையைத் திருப்பிக் கொடுத்தார்.

"நன்றி."

"பாத்தியா, மாத்தேக்கு நன்றின்னா போதும்னுதான அர்த்தம்? இப்பவும் நீயேதான் போதும்னுட்ட."