மஞ்சளா பச்சையா

தொட்டியில் இன்னொரு மீனும் செத்து மிதந்ததும் இன்பசேகருக்கு ஆத்திரம் பொங்கியது. சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்தைச் சொட்டினான். மஞ்சளானால் அமிலம் ஏறிய தண்ணீர், பச்சையானால் நல்ல தண்ணீர். இன்றும் பச்சைதான்.

"அப்புறம் ஏன் சாகுது? கடைக்காரன் சீக்கு மீனைத் தலையில கட்டிட்டான்!" என்று தங்கை மங்கையிடம் இரைந்தான்.

அவள் குழாயை வாங்கிப் பார்த்தாள். "என்னண்ணே, மஞ்சளா இருக்கு. இதையா பச்சைங்கிற?"

ஜன்னல் வெளிச்சத்தில் நிற அட்டையோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தான். "விளையாடாத, மங்கை."

"சத்தியமா மஞ்சள்ண்ணே."

உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்: "தம்பி, ரயில் டிரைவர் வேலைக்குக் கண் டெஸ்ட் நாளைக்குத்தானே? எந்தச் சட்டைய இஸ்திரி போடட்டும்?"

அவன் குழாயைத் தங்கையிடம் மறுபடியும் நீட்டினான்.

"இன்னொரு தடவை நல்லாப் பாரும்மா," என்றான்.